சத்தம் போடாத கிருமி

மலேசியாவில் செடெனாக் பக்கத்துத் தோட்டங்களில் வேலை செய்த தலைமுறைக்கு நெஞ்செரிச்சல், வயிற்றுவலி, புளித்த ஏப்பம் எல்லாமே கேஸ்ட்ரிக்தான். நேரத்துக்குச் சாப்பிடாததால் வந்தது என்று சொல்லிவிட்டு, வெள்ளை மருந்து ஒரு மூடி குடித்துவிட்டுப் பால்வெட்டவோ குலை அறுக்கவோ போய்விடுவார்கள். அந்த வலிகள் சிலவற்றுக்குப் பின்னால் ஹெலிகோபேக்டர் பைலோரி என்ற கிருமி இருந்திருக்கக்கூடும். மலேசியாவில் இந்தக் கிருமி இந்தியரிடமும் சீனரிடமும் அதிகம், மலாய்க்காரரிடம் குறைவு. மலாய்க்காரரிடம் உள்ள வகையும் அண்மைக் காலத்தில் இந்தியரிடமிருந்து தொற்றியதாகத் தெரிகிறது என 2009இல் வெளியான மரபணு ஆய்வு சொன்னது. பெரும்பாலும் சிறு வயதில், வீட்டுக்குள்ளேயே தொற்றுவது இது. நாகப்பட்டினத்தில் கப்பலேறிய நம் முன்னோர் வயிற்றிலேயே இதைச் சுமந்து வந்திருக்கிறார்கள்.

கிருமியை வெறுக்கலாம். ஆனால் அதன் நுட்பத்தை நின்று பார்க்காமல் போக முடியவில்லை. யூரியேஸ் என்னும் நொதியால் யூரியாவைப் பிளந்து அம்மோனியா ஆக்கி, தன்னைச் சுற்றி மட்டும் அமிலத்தைத் தணித்துக்கொள்கிறது. இரைப்பைச் சுவரை மூடிய சளிப்படலம் அமிலத்தில்தான் கெட்டிக் கூழாக இருக்கும், அமிலம் தணிந்தால் இளகிவிடும். திருகு வடிவ உடலால் அதைத் துளைத்துப் போகிறது என்றே வெகுகாலம் நினைத்தார்கள். உண்மையில் அது வழியை இளக்கிக்கொண்டு நீந்துகிறது.

நோயெதிர்ப்பு மண்டலத்தை அது ஏமாற்றும் விதம் இதைவிட அழகு. டைஃபாய்டு கிருமியின் கசையிழைப் புரதம் பட்டதுமே நம் செல்களின் டிஎல்ஆர்-5 உணர்வி விழித்துக்கொள்ளும். பைலோரியின் கசையிழையிலோ அந்த உணர்வி தேடுகிற இடத்தில் மட்டும் அமினோ அமிலங்கள் மாறியிருக்கின்றன. நீச்சலுக்குக் குறைவில்லை, சத்தம் மட்டும் இல்லை. மேலுறையிலும் பல வகைகள் நம்முடைய லூயிஸ் ரத்தவகைச் சர்க்கரைகளைப் போர்த்திக்கொண்டு திரிகின்றன.

அதைக் காட்டிக்கொடுப்பது அதனிடமுள்ள ஊசி போன்ற அமைப்பேதான். கேக்-ஏ புரதத்தை நம் செல்லுக்குள் செலுத்தும் அந்த ஊசி வழியாகக் கிருமியின் செல்சுவர்த் துணுக்குகளும் உள்ளே போய்விடுகின்றன. உள்ளேயே காத்திருக்கும் நாட்-1 என்ற உணர்வி அவற்றை இனம் கண்டுகொள்கிறது. இந்தக் கதை முழுவதிலும் எனக்கு மிகப் பிடித்த இடம் இதுதான். இன்டர்லூக்கின்-8 சுரக்கிறது, வெள்ளணுக்கள் திரள்கின்றன, ஆன்டிபாடிகளும் உருவாகின்றன. ஆனாலும் கிருமி போவதில்லை. அதன் வாக்-ஏ நஞ்சு டி செல்கள் பெருகாமல் தடுக்கிறது. இரு தரப்பும் வெல்லாமல் சண்டை பல பத்தாண்டுகள் நீள்கிறது.

புற்றுநோய்க்கு நிலம் தயாராவது இந்தச் சண்டையில்தான். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1994இல் இக்கிருமியைப் புற்றுநோய்க் காரணி என்று அறிவித்தது. 2000இல் எல்-ஒமர் என்ற ஆய்வாளரின் குழுவினர் இன்னொரு கண்ணியைக் காட்டினார்கள். இன்டர்லூக்கின்-1 பீட்டா அழற்சியைக் கூட்டுவதோடு அமிலச் சுரப்பையும் பலமாக அடக்கும். அதை மிகுதியாகச் சுரக்கவைப்பதாகக் கருதப்பட்ட மரபணு வடிவம் உடையவர்களிடம் இரைப்பைப் புற்றுநோய் ஆபத்து கூடுதலாக இருந்தது. அமிலம் குறைந்தால் அழற்சி இரைப்பையின் மேல்பகுதிக்கும் பரவும், சுரப்பிகள் தேயும், குடலைப் போன்ற திசு அங்கே முளைக்கும். மாறாக, அமிலம் மிகுந்து முன்சிறுகுடலில் புண் வந்தவர்களுக்கு இந்தப் புற்றுநோய் குறைவு. ஒரே கிருமி, உடலின் பதிலைப் பொறுத்து இரு வேறு முடிவு.

மலேசிய இந்தியரிடம் தொற்று மிகுந்தும் இரைப்பைப் புற்றுநோய் சீனரைவிடக் குறைவாக இருப்பதற்குக் கேக்-ஏ புரதத்தின் வகை வேறுபாடு ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. கிழக்காசிய வகை நம் செல்லின் வளர்ச்சியில் பங்குள்ள எஸ்ஹெச்பி-2 என்ற புரதத்தை இறுகப் பற்றும், மற்ற வகை அவ்வளவு பற்றாது. உணவும் மரபும் சேர்ந்திருக்கலாம். ஆபத்து குறைவு என்பது ஆபத்தே இல்லை என்றாகாது.

கிருமியைக் காப்பாற்றும் யூரியேஸே அதைப் பிடித்தும் தருகிறது: கார்பன்-13 சேர்த்த யூரியாவைக் குடித்துவிட்டு ஊதினால், மூச்சில் அந்தக் கார்பன் தெரியும். நெடுநாள் கேஸ்ட்ரிக் இருப்பவர்களும், குடும்பத்தில் யாருக்காவது இரைப்பைப் புற்றுநோய் வந்தவர்களும் மருத்துவரிடம் இந்த மூச்சுச் சோதனையைக் கேளுங்கள். எடை குறைந்தாலோ மலம் கறுப்பாகப் போனாலோ அதற்கும் காத்திராமல் எண்டோஸ்கோப்பி செய்துகொள்ளுங்கள். மருந்து கொடுத்தால், வலி நின்றுவிட்டதென்று பாதியில் நிறுத்தாமல் சொன்ன நாள் முழுவதும் சாப்பிடுங்கள்.