குளத்துப் பக்கத்து அறை

மதராஸ் வெள்ளைக்காரர்கள் ஓய்வெடுக்க எங்கள் எண்ணூருக்குத்தான் வந்தார்கள் என்றால் இன்று யாரும் நம்புவதில்லை. கிழக்கே கடல், மேற்கே உப்பங்கழி, நடுவில் ஒடுங்கிய மணல் திட்டு. அதன்மேல் அவர்களுடைய பங்களாக்களும் ஒரு கிளப்பும் இருந்தன. படகு விட்டார்கள், மீன் பிடித்தார்கள், காற்று வாங்கினார்கள். பேசில் காக்ரேன் 1800களின் தொடக்கத்தில் வெட்டுவித்த கால்வாயில், அதாவது பிற்பாடு பக்கிங்ஹாம் பெயர் பெற்ற கால்வாயில், பட்டணத்திலிருந்து படகிலேயே வந்து இறங்க முடிந்தது. அப்புறம் அனல் மின் நிலையம், துறைமுகம், குழாய்கள், சாம்பல். இப்போது முகத்துவாரக்குப்பத்துக்காரனான நான் காற்று வாங்குவதற்குத் தெற்கே போய், அண்ணா சாலையை ஒட்டிய பின்னி ரோட்டில் பணம் கட்ட வேண்டியிருக்கிறது.

கன்னிமாரா ஓட்டலைத்தான் சொல்கிறேன். அங்கே மறுபடியும் போய்த் தங்கியதைப் பற்றி எழுத ஒரு காரணம் உண்டு. சொகுசு விடுதியில் முதல் முறை தங்குகிறவருக்கு விடுதி கண்ணில் படாது. குளியலறைக் குழாயைத் திருகிப் பார்ப்பார், சோப்பை மோந்து பார்ப்பார், மேஜை இழுப்பறைகளைத் திறந்து மூடுவார், கட்டிலில் உட்கார்ந்து மனைவிக்கு வீடியோ கால் போடுவார். கொடுத்த காசு எங்கெங்கே போயிருக்கிறது என்று எண்ணிப் பார்ப்பதிலேயே ஒரு ராத்திரி கழிந்துவிடும். அந்தப் பரபரப்பு அடங்கிய பிறகு, மறுபடியும் அதே கதவைத் திறக்கும்போதுதான் யாரோ உட்கார்ந்து யோசித்துச் செய்த வேலை அது என்பது புலப்படும். கச்சேரியில் கேட்ட ராகத்தையே மறுபடி கேட்க உட்காரும் ரசிகரும் இதற்குத்தான் உட்காருகிறார்.

கன்னிமாரா நிற்கும் இடத்தில் 1854இல் இம்பீரியல் ஓட்டல் தொடங்கியபோது மதராஸுக்குச் செயற்கைத் துறைமுகம் கிடையாது. ராயபுரம் ரயில் நிலையம் திறக்கவே இன்னும் இரண்டு வருஷம் இருந்தது. கப்பல் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். பலகைகளைக் கயிற்றால் தைத்த மசூலாப் படகில் பயணிகளை ஏற்றி, அலை மடங்கி விழும் இடத்தைப் பார்த்துப் பார்த்துத் தாண்டி, கரையோரத்து ஆட்கள்தான் கொண்டுவந்து சேர்த்தார்கள். கடைசிக் கொஞ்ச தூரம் துரைமார்களைத் தோளில் தூக்கி வருவதும் உண்டு. இந்த நகரத்தின் விருந்தோம்பல் வரலாற்றை எழுதுகிறவர்கள் ஓட்டல் வாசலில் தொடங்குகிறார்கள். நான் எழுதினால் அந்தப் படகில் தொடங்குவேன்.

இம்பீரியல் 1886இல் ஆல்பனி ஆனது. 1890இல் கன்னிமாரா. கவர்னர் கன்னிமாரா பிரபுவின் மனைவி, டல்ஹௌசியின் மகள், கணவரோடு வாழப் பிடிக்காமல் கவர்னர் மாளிகையை விட்டு வெளியேறி இந்த ஓட்டலில் வந்து தங்கினார் என்பது நகரம் சலிக்காமல் சொல்லும் கதை. 1890இல் விவாகரத்தும் ஆயிற்று. கவர்னரின் பெயர் எழும்பூரில் நூலகத்துக்குப் போனது; அம்மாளின் பெயராக இங்கே நிலைத்தது என்பார்கள். கோபித்துக்கொண்டு வந்து தங்கியவரின் பெயரைத் தாங்கும் ஓட்டல் உலகத்தில் எத்தனை இருக்கும்? பிறகு ஸ்பென்சர் கம்பெனியின் கைக்கு வந்து, 1930களில் இடித்துப் புதுக்கப்பட்டு, 1937இல் வெள்ளை வெளேரென்ற ஆர்ட் டெகோ முகத்தோடு திறந்தது. 1984இல் தாஜ் குழுமம் நடத்த எடுத்துக்கொண்டது. சில வருஷம் மூடிச் செப்பனிட்டு 2018இல் மறுபடி திறந்தார்கள்.

ஆனால் என்னைத் திரும்ப இழுப்பது முகப்பு அல்ல. 1970களில் குளத்தைச் சுற்றி ஜெஃப்ரி பாவா சேர்த்த பகுதி.

பாவா இலங்கைக்காரர். 1919இல் பிறந்து, வக்கீல் வேலை பார்த்து, முப்பத்தெட்டு வயதில்தான் கட்டடக் கலைஞர் ஆனவர். மதுரை கிளப்பும் அவர் கைவண்ணம். கொழும்புக்குத் தெற்கே பெந்தோட்டையில் 1960களின் கடைசியில் அவர் கட்டிய ஓட்டலுக்குள் நுழைகிறவர் முதலில் குகை மாதிரி தாழ்ந்த இருட்டு வழியில் படியேற வேண்டும். ஏறி முடித்தால் தண்ணீரும் வானமும். 1994இல் வந்த கண்டலாமா ஓட்டலில் பாறையை ஒட்டி நீளமாகக் கட்டி, கொடிகள் படர்ந்து கட்டடத்தை மூடிவிடட்டும் என்று விட்டுவிட்டார். எதையும் எடுத்த எடுப்பில் முழுசாகக் காட்டமாட்டார். காத்திருக்க வைத்துத் திறப்பார். மரம் நின்றால் கட்டடம் வளைந்து போகும்.

கன்னிமாராவில் அவருக்கு மலையும் இல்லை, கடலும் இல்லை. நகரத்தின் நெரிசலில் ஒரு துண்டு நிலம், ஒரு குளம், சில மரங்கள். அந்தக் கொஞ்சத்தை வைத்துக்கொண்டு அவர் செய்தது என்ன என்பது சாயங்காலத்தில்தான் தெரியும். அறையிலிருந்து கதவைத் திறந்தால் நேரே வெட்டவெளி இல்லை. நடுவில் நாற்காலி போடுமளவுக்கு ஒரு வராந்தா. அதில் உட்கார்ந்தவரைக் குளத்தில் நீந்துகிறவர் பார்க்க முடியாது. உட்கார்ந்தவருக்குத் தண்ணீர் சலசலப்பது மட்டும் கேட்கும். வெயில் இலைகளில் வடிந்து பாதியாகத்தான் வந்து சேரும். ரோட்டில் ஹாரன் அடிப்பதும் எட்டத்தான் செய்கிறது. ஆனால் பக்கத்துத் தெருவில் நடக்கும் கல்யாணத்தின் சத்தம் மாதிரி, நமக்குச் சம்பந்தமில்லாததாக.

எங்கள் ஊர்க்காரருக்கு இது உடனே பிடிபடும். கழிமுகம் மணல் தூர்ந்து அடைத்துக்கொண்டால் உள்ளே தண்ணீர் கெட்டுப்போகும், இறால் குஞ்சு ஏறாது. அகலத் திறந்துவிட்டாலோ அலை கரையைத் தின்னும். எவ்வளவு திறப்பது, எவ்வளவு மறிப்பது என்பதில்தான் கழியின் உயிர் இருக்கிறது. பாவா ஓர் அறைக்கு அந்த அளவைக் கண்டுபிடித்துக் கொடுத்திருக்கிறார். இன்றைக்குக் கட்டும் ஐந்து நட்சத்திர ஓட்டல்களில் பெரும்பாலானவற்றில் சன்னல் திறக்கவே திறக்காது. தரையிலிருந்து கூரைவரை கண்ணாடி, அதற்குள் இருபத்திரண்டு டிகிரி குளிர். பெயர் சொல்ல வேண்டாத ஓர் ஓட்டலில் முப்பதாவது மாடியிலோ என்னவோ படுத்திருந்தேன். கீழே கடல் இருந்தது, ஒரு சொட்டு ஈரம் மூக்கில் ஏறவில்லை. கொண்டல் காற்று அடிக்கிறதா கச்சான் காற்று அடிக்கிறதா என்று தெரியாத அறை எத்தனை ஆயிரம் வாடகை வாங்கினாலும் எனக்குச் சொகுசாகப் படவில்லை.

கட்டடம் பாதி. மீதி, கை வேலை.

படுக்கை விரிப்பை மெத்தையின் மூலையில் சாய்வாக மடித்துச் செருகுவதற்கு ஒரு முறை இருக்கிறது. முதலில் கால்மாட்டில் செருகி, பக்கவாட்டில் தொங்கும் துணியை முக்கோணமாகத் தூக்கி மெத்தைமேல் வைத்து, கீழே தொங்குவதைச் செருகி, பிறகு முக்கோணத்தை இறக்கிச் செருக வேண்டும். ராத்திரி முழுக்கப் புரண்டாலும் அது கழன்று வராது. ஹவுஸ்கீப்பிங் ஆள் இதை ஒரு ஷிப்ட்டில் பத்துக்கும் மேற்பட்ட கட்டில்களில் செய்கிறார். குனிந்து குனிந்து இடுப்பு விட்டுப்போகும் வேலை. சாயங்காலம் நாம் வெளியே போன சமயம் பார்த்து இன்னொருவர் வந்து, மேல் விரிப்பை ஓர் ஓரம் திருப்பிவிட்டு, திரையை இழுத்து, பெரிய விளக்கை அணைத்துச் சின்ன விளக்கைப் போட்டு, தண்ணீர் வைத்துவிட்டுப் போவார். யார் வந்தது என்று தெரியாது. தெரியாமல் இருப்பதுதான் அந்த வேலைக்கு மரியாதை என்று தொழிலில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். எனக்கு இதில் பாதி உடன்பாடுதான்.

சன்னல் விளிம்பில் விரலை ஓட்டிப் பார்ப்பது என் வழக்கம். சாம்பல் பறக்கும் ஊரில் வளர்ந்தவர்களுக்கு இது போகாது. காலையில் துடைத்ததை மத்தியானம் துடைக்க வேண்டிய வீடுகள் எங்களுடையவை. கன்னிமாராவில் விரலில் ஒன்றும் ஒட்டவில்லை. கதவின் மேல் விளிம்பு, படத்துச் சட்டத்தின் மேல்பக்கம், விளக்கின் பின்புறம் என்று யாரும் பார்க்காத இடங்களிலும் பார்த்தேன். தச்சர் நாற்காலியின் அடிப்பக்கத்தையும் இழைத்திருக்கிறாரா என்று பார்ப்பவர்களுக்கு இந்தச் சந்தோஷம் புரியும்.

திரும்பி வருகிறவரை நினைவு வைத்துக்கொள்வது தனி வித்தை. ஓட்டல்காரர் சேசர் ரிட்ஸ் நூறு வருஷத்துக்கு முன்பே இதில் பேர் வாங்கியவர். விருந்தாளிக்கு என்ன பிடிக்கும், எது ஆகாது என்று குறித்து வைப்பாராம். இப்போது கம்ப்யூட்டர் குறித்துவைக்கிறது. அதனால் தடித்த தலையணையை எடுத்துவிட்டு மெல்லியது வைத்திருந்ததைக் கண்டு நான் பெரிதாக உருகவில்லை. பெட்டியைத் தூக்கி வந்தவரிடம்தான் உருக நேர்ந்தது. அதுவரை அளந்து அளந்து இங்கிலீஷ் பேசிக்கொண்டு வந்தவர், வாசலில் நின்று எந்த ஏரியா என்று கேட்டார். எண்ணூர் என்றேன்.

"நம்ம சைடா சார்? நான் தண்டையார்பேட்டை. சொல்லவே இல்ல பாருங்க."

"நீங்களும்தான் சொல்லல."

"இங்க எங்க சார் சொல்றது!" என்று சிரித்தார். அப்புறம் குளத்துப் பக்கம் கதவைத் திறந்து காட்டி, ஏ.சி.யை நிறுத்திவிட்டுக் கதவைத் திறந்து வையுங்கள், மழை வரும் போலிருக்கிறது என்றார். எந்தக் கம்ப்யூட்டரும் சொல்லாத யோசனை. மழை வந்தது.

போகிறவர்கள் டிசம்பரில் போக வேண்டாம். சபா சீசன், வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள், கல்யாணங்கள் என்று வாடகை எகிறும். ஆடி ஆவணியில் போகலாம். மத்தியானம் மேற்கே கறுத்து, சாயங்காலம் இடியோடு கொட்டும்போது வராந்தா நாற்காலியில் இருக்க வேண்டும். ரொம்ப உயரமான மாடி வேண்டாம். மரக்கிளைக்குச் சமமாக இருக்கும் மாடியைக் கேளுங்கள். ரிசப்ஷனில் இருப்பவர் இதைவிட நல்ல அறை காலியாக இருக்கிறது என்று டவர் பக்கம் காட்டுவார். அவர் சொல்வது பொய்யில்லை. ஆனாலும், முதல் முறைக்கு டவர் சரி, மறுமுறைக்குக் குளத்துப் பக்கம் என்று சொல்லிவிட்டுச் சாவியை வாங்கிக்கொள்ளுங்கள்.