மாபெரும் மோசடியா? ஒரு படமும் சில அளவுகளும்

சென்ற பருவத்தில் ஒருநாள், வெப்பக் கதிர்வீச்சு பற்றிய பாடம் முடிந்தபின் இரண்டாம் ஆண்டு மாணவன் ஒருவன் என்னைத் தேடி வந்தான். புத்தகத்திலுள்ள கணக்குகளைத் தானாகவே போட்டுப் பார்க்கும் பழக்கமுள்ள பிள்ளை. “சார், பூமி சூடாகிறது என்பது இங்கிலாந்துப் பிரதமர் தாட்சர் நிலக்கரித் தொழிலாளர்களை அடக்குவதற்காகக் கிளப்பிவிட்ட கதையாமே? இப்போது நம்மைப் போன்ற நாடுகளை முன்னேறவிடாமல் தடுக்க அதையே பயன்படுத்துகிறார்களாம். ஒரு படத்தில் பேராசிரியர்களே சொல்கிறார்கள்” என்றான். அப்படியானால் இந்தப் பாடத்தைத் தேர்வுக்காக மட்டும் படித்தால் போதுமா என்பது அவனுடைய அடுத்த கேள்வி.

இந்த இரண்டாவது கேள்விதான் என்னை உறுத்தியது. படத்தைப் பார்த்துவிட்டுப் பதில் சொல்வதாகக் கூறி அனுப்பினேன். ஒருமுறைக்கு இருமுறை பார்த்தேன். அவனிடம் சொன்னவற்றையும், சொல்ல விட்டுப்போனவற்றையும் இங்கே உங்கள் முன் வைக்கிறேன்.

படத்தின் பெயர் ‘தி கிரேட் குளோபல் வார்மிங் ஸ்விண்டில்’. ‘மாபெரும் புவிவெப்ப மோசடி’ என்று தமிழில் சொல்லலாம். மார்ட்டின் டர்க்கின் இயக்கிய இப்படத்தை 2007 மார்ச் 8-ஆம் நாள் பிரிட்டனின் சானல் 4 தொலைக்காட்சி ஒளிபரப்பியது. ஆண்டுகள் பல கடந்தும் இன்றும் கைக்குக் கை மாறி மாணவர்களிடம் வந்துகொண்டிருக்கிறது. காரணம் இல்லாமல் இல்லை. படம் விறுவிறுப்பானது, பேசுகிறவர்கள் படித்தவர்கள், சொல்லும் முறை எளிமையானது. பாடப் புத்தகம் எழுதுகிற நம்மவர்கள் அந்த எளிமையைக் கற்றுக்கொள்ளலாம்.

படத்தில் இரண்டு கூற்றுகள் பின்னிக் கிடக்கின்றன. ஒன்று இயற்பியல்: கரியமில வாயு பூமியைச் சூடாக்கவில்லை, சூரியனே காரணம் என்பது. மற்றொன்று அரசியல்: அப்படியிருந்தும் உலகமே வாயுவைக் குற்றம் சொல்வதற்குப் பின்னால் ஆட்சியாளர்களின் உள்நோக்கம் இருக்கிறது என்பது. படத்தின் சாமர்த்தியம் என்னவென்றால், உள்நோக்கத்தை நம்பிவிட்ட பார்வையாளன் வரைபடங்களைச் சரிபார்க்க மாட்டான். பிரித்துப் பார்த்தால்தான் நமக்கு வழி.

முதலில் தாட்சர் கதை. சுரங்கத் தொழிற்சங்கத்தின்மீது அவருக்குப் பகை இருந்தது, அணுமின்சாரத்தில் விருப்பம் இருந்தது, ஆகவே நிலக்கரியைக் குற்றவாளியாக்க விஞ்ஞானிகளுக்குப் பணம் கொடுத்தார் என்கிறது படம். பகையும் விருப்பமும் உண்மையே. ஆனால் ஆண்டுகளைப் பாருங்கள். 1984 மார்ச்சில் தொடங்கிய சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம் 1985 மார்ச்சில் தோல்வியில் முடிந்தது. தாட்சர் ராயல் கழகத்தாரிடையே புவிவெப்பம் பற்றிப் பேசியது 1988 செப்டம்பர் 27-இல். சங்கம் வீழ்ந்து மூன்றரை ஆண்டுகள் கழித்து அதை வீழ்த்த ஒரு பொய் எதற்கு? 1989 நவம்பர் 8-இல் ஐக்கிய நாடுகள் பொதுச் சபையிலும் இதே பொருள் குறித்துப் பேசினார். அதே மாதத்தில் அவருடைய அரசு, அணுமின் நிலையங்களைத் தனியாருக்கு விற்கும் திட்டத்தைக் கைவிட்டு, புதிய நிலையங்கள் கட்டுவதையும் நிறுத்திவைத்தது. அணுமின்சாரத்துக்காகச் செய்த சூழ்ச்சி என்றால், இது மிகவும் கெட்டிக்காரத்தனமான சூழ்ச்சியாகத் தெரியவில்லை. தாட்சர் ஆக்ஸ்போர்டில் வேதியியல் படித்தவர் என்பதைப் படம் போகிற போக்கில்கூடக் குறிப்பிடவில்லை. பிற்காலத்தில், 2002-இல் வெளிவந்த தம் நூலில், புவிவெப்பக் கொள்கைகளை அவரே கடுமையாகச் சாடினார் என்பது இன்னொரு வேடிக்கை.

இருக்கட்டும். தாட்சருக்குத் தீய நோக்கமே இருந்தது என்று வைத்துக்கொள்வோம். வாயுவுக்கு அதனால் என்ன? கரியமில வாயுவும் நீராவியும் வெப்பக் கதிர்களை உறிஞ்சுகின்றன என்பதை ஜான் டிண்டல் 1859-இல் லண்டனில் கருவி கொண்டு அளந்து காட்டினார். காற்றில் அவ்வாயு கூடினால் பூமி எவ்வளவு சூடாகும் என்று ஸ்வீடனின் அர்ரீனியஸ் 1896-இல் பேனாவும் தாளுமாக உட்கார்ந்து கணக்கிட்டார். நீராவிப் பொறியாளரான காலண்டர், பூமி சூடாகிவருவதை 1938-இல் வானிலைப் பதிவுகளிலிருந்து எடுத்துக்காட்டினார். ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலைமீது சார்ல்ஸ் கீலிங் 1958-இல் அளக்கத் தொடங்கியபோது காற்றில் பத்து லட்சத்தில் சுமார் 315 பங்கு கரியமில வாயு இருந்தது. இன்று 420-க்கும் மேல். தாட்சர் பிறந்தது 1925-இல். பிறப்பதற்கு முன்பே பணம் கொடுத்திருக்க முடியாது.

இனி இயற்பியல். இங்கே கொஞ்சம் நின்று பார்ப்போம். மாணவர்களுக்குப் பயன்படும் பகுதி இதுவே.

படத்தின் வலுவான வாதம் பனிப்படலச் சான்று. அண்டார்டிகாவில் துளையிட்டு எடுத்த பனித்தண்டுகளில் பழங்காலத்துக் காற்றுக் குமிழிகள் சிறைப்பட்டிருக்கின்றன. அவற்றை ஆராய்ந்தால், பனியூழிகள் முடிந்தபோது முதலில் வெப்பநிலை உயர்ந்தது, சில நூறு ஆண்டுகள் கழித்தே வாயு உயர்ந்தது என்று தெரிகிறது. ‘காரியம் முந்தி, காரணம் பிந்தியா?’ என்று படம் கேட்கிறது. கேள்வி நியாயமானது. சோடா பாட்டிலை வெயிலில் வைத்துத் திறந்து பாருங்கள். நீர் சூடானால் கரைந்த வாயு வெளியேறும். கடலும் அப்படியே. பூமியின் சுற்றுப்பாதையிலும் சாய்விலும் ஏற்படும் மெதுவான மாற்றங்கள் முதல் சூட்டைத் தந்தன; கடல் வாயுவை வெளிவிட்டது; அந்த வாயு சூட்டை மேலும் பெருக்கியது. கோழி முட்டையிலிருந்து வந்தது என்பதால் கோழி முட்டையிடாது என்று சொல்ல முடியுமா?

அப்படியானால் இன்றைய வாயுவும் கடலிலிருந்து வந்ததாக இருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். வரவு செலவுக் கணக்குப் பார்த்தால் போதும். நிலக்கரி, எண்ணெய், எரிவாயு ஆகியவற்றை எரித்து மனிதன் இப்போது ஆண்டுக்கு 3,700 கோடி டன் அளவுக்குக் கரியமில வாயுவை வெளியிடுகிறான். காற்றில் ஆண்டுதோறும் கூடுவது இதில் ஏறத்தாழ பாதிதான். மீதியைக் கடலும் காடும் விழுங்குகின்றன. கடல் இன்று வாயுவை வாங்கிக்கொள்ளும் பக்கத்தில் இருக்கிறது. அதனால்தான் அதன் அமிலத்தன்மை கூடுகிறது. இதைவிட அழகான சான்று ஒன்று உண்டு. கார்பன்-14 அணுவின் அரை ஆயுள் 5,730 ஆண்டுகள். கோடிக்கணக்கான ஆண்டுகள் மண்ணுக்கடியில் கிடந்த நிலக்கரியில் அது முற்றிலும் அழிந்துபோயிருக்கும். ஆகவே நிலக்கரிப் புகை காற்றில் கலக்கக் கலக்க, காற்றில் கார்பன்-14-இன் விகிதம் நீர்த்துப்போக வேண்டும். ஹான்ஸ் சூயஸ் மரங்களின் ஆண்டு வளையங்களை ஆராய்ந்து, அது நீர்த்துவருவதை 1955-இல் கண்டார். மரத்துக்கு அரசியல் தெரியாது.

எரிமலைகள் எல்லாத் தொழிற்சாலைகளையும் வாகனங்களையும்விட அதிக வாயுவைக் கக்குகின்றன என்றும் படம் முதலில் சொன்னது. உண்மையில் அவை வெளியிடுவது நம்முடையதில் சுமார் நூறில் ஒரு பங்கு. பின்னர் வந்த பதிப்புகளில் இக்கூற்றைச் சத்தமில்லாமல் நீக்கிவிட்டார்கள். 1980-களிலேயே முடிந்துவிட்ட வெப்பநிலை அளவுகளை 2000 வரை நீட்டிக் காட்டிய வரைபடத்தையும் திருத்த வேண்டியதாயிற்று. சூரியனையும் வெப்பநிலையையும் நானூறு ஆண்டுகளுக்கு ஒப்பிடும் வரைபடம் இதைவிட மோசம். எந்த டேனிஷ் விஞ்ஞானியின் ஆய்வைப் படம் தூக்கிப் பிடித்ததோ, அந்த ஃப்ரீஸ்-கிறிஸ்டென்சென் தாமே முன்வந்து, அதன் ஒரு பகுதியில் தரவு இல்லாத இடம் புனைந்து நிரப்பப்பட்டிருக்கிறது என்று அறிக்கை விட்டார். அதே 2007-இல் லாக்வுட், ஃப்ரோலிக் என்னும் இருவர், 1985-க்குப் பின் சூரியனின் செயல்பாடு குறையும் திசையிலும் வெப்பநிலை கூடும் திசையிலும் செல்வதை வெளியிட்டனர். செய்முறை ஏட்டில் இல்லாத புள்ளியைக் குத்திக் கோடு போடும் மாணவனுக்கு நாம் என்ன மதிப்பெண் கொடுப்போம்?

படத்தில் பேசிய கடலியல் அறிஞர் கார்ல் வுன்ஷ், தாம் ஏமாற்றப்பட்டதாகவும் தம் பேச்சு எதிர்ப்பொருள் தரும்படி பயன்படுத்தப்பட்டதாகவும் முறையிட்டார். ஒளிபரப்பை மேற்பார்வையிடும் ஆஃப்காம் 2008 ஜூலையில் தீர்ப்பளித்தது. வுன்ஷின் புகாரை ஓரளவு ஏற்றது. படம் பார்வையாளருக்குத் தீங்கு விளையுமளவு தவறாக வழிகாட்டவில்லை என்றும் சொன்னது. படத்தின் ஆதரவாளர்கள் இந்த இரண்டாவது வரியை மட்டும் ஓதுவார்கள். முதல் நான்கு பகுதிகளுக்கு நடுநிலை விதியே பொருந்தாது என்று ஆஃப்காம் சொன்னதற்குக் காரணம் என்ன தெரியுமா? அந்த விவகாரம் விஞ்ஞானத்தில் ஏற்கெனவே தீர்ந்துவிட்டது, இனி அது சர்ச்சை அல்ல என்பதே!

ஐந்தாம் பகுதிக்கு வருவோம். நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அதைப் பார்த்தபோது என் தலை தானாக ஆடியது. கென்யாவில் ஒரு சிறு மருத்துவமனை. கூரையில் இரண்டு சூரியத் தகடுகள். விளக்கைப் போட்டால் மருந்துப் பெட்டி குளிராது. பெட்டியை ஓட்டினால் விளக்கு எரியாது. பணக்கார நாடுகள் எரிக்க வேண்டியதையெல்லாம் எரித்துவிட்டு, ஏழைகளிடம் ‘நீங்கள் எரிக்காதீர்கள்’ என்கின்றன என்று படம் கொதிக்கிறது. மின்சாரம் இல்லாத வீட்டைப் பார்த்த எவருக்கும் இது சுடும். மாணவன் மயங்கியதும் இங்கேதான் என்று அறிந்தேன்.

அந்தக் கோபத்தில் நியாயம் இல்லையா? இருக்கிறது. ஓர் அமெரிக்கர் ஆண்டுக்குச் சராசரியாகச் சுமார் 14 டன் கரியமில வாயுவுக்குக் காரணமாகிறார். ஓர் இந்தியர் சுமார் 2 டன்னுக்கு. 2020-க்குள் ஆண்டுக்கு பத்தாயிரம் கோடி டாலர் திரட்டித் தருவதாகப் பணக்கார நாடுகள் 2009-இல் கோபன்ஹேகனில் வாக்களித்தன. அவர்களுடைய கணக்குப்படியே 2022-இல்தான் அது நிறைவேறியது. இறக்குமதியாகும் உருக்குக்கும் சிமெண்டுக்கும் கார்பன் வரி விதிக்கும் ஏற்பாட்டை ஐரோப்பிய ஒன்றியம் 2023 அக்டோபரில் தொடங்கியபோது, அதில் வணிக நோக்கம் இருக்கிறதா என்று இந்தியா கேட்டது. கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் படம் இந்த நியாயமான கோபத்தைக் கடன் வாங்கித் தவறான இயற்பியலுக்குப் பிணை வைக்கிறது. இரண்டு தகடு போதவில்லை என்றால் பத்துத் தகடு வைக்கச் சொல்லலாமே! கென்யாவின் மின்சாரத்தில் பெரும்பகுதி இன்று பூமியின் உட்சூட்டிலிருந்தும் நீரிலிருந்தும் காற்றிலிருந்தும் வருகிறது என்பது படம் எதிர்பாராத முடிவு.

இதே சந்தேகத்தை நம் நாட்டார் எப்படிக் கையாண்டார்கள் என்பதை மாணவனிடம் சொன்னேன். 1990-இல் அமெரிக்க நிறுவனம் ஒன்றின் அறிக்கை, புவிவெப்பத்துக்குக் காரணமான முதல் ஐந்து நாடுகளின் வரிசையில் இந்தியாவையும் வைத்தது. தில்லியைச் சேர்ந்த அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் 1991-இல் அதற்கு மறுப்பு எழுதினர். ‘சுற்றுச்சூழல் காலனியாதிக்கம்’ என்ற சொல்லையே பயன்படுத்தினர். டர்க்கின் படத்தைவிடக் காரமான குற்றச்சாட்டு. ஆனால் அவர்கள் வாயுவின் இயற்பியலை மறுக்கவில்லை. கடலும் காடும் விழுங்கும் பங்கை மக்கள்தொகைப்படி பிரித்தால் கணக்கு எப்படி அடியோடு மாறுகிறது என்று எண்களோடு காட்டினர். உழவன் வயலிலிருந்து எழும் வாயுவையும் உல்லாசக் காரிலிருந்து எழும் வாயுவையும் ஒரே தராசில் நிறுக்கலாமா என்று கேட்டனர்.

அந்த வயல் வாயு மீத்தேன். நீர் தேங்கிய நெல்வயலின் சேற்றில், காற்றுப் படாத இடத்தில் நுண்ணுயிர்கள் அதை உண்டாக்குகின்றன. இந்திய வயல்கள் ஆண்டுக்குச் சுமார் 3.78 கோடி டன் மீத்தேனை வெளியிடுவதாக அமெரிக்கச் சுற்றுச்சூழல் அமைப்பு மதிப்பிட்டிருந்தது. எப்படி? ஐரோப்பிய, அமெரிக்க வயல்களில் எடுத்த அளவுகளை நம் பரப்பால் பெருக்கி! புதுதில்லி தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஏ. பி. மித்ராவின் தலைமையில் நம் விஞ்ஞானிகள் 1991-இல் நாட்டின் பல நெல் விளையும் பகுதிகளில் இறங்கி அளந்தனர். நாற்றின்மேல் ஒளி புகும் பெட்டியைக் கவிழ்த்து, குறித்த இடைவெளிகளில் ஊசிக்குழலால் காற்றை உறிஞ்சி, அதில் மீத்தேன் கூடும் வேகத்தைக் காண்பதே முறை. கிடைத்த விடை சுமார் 40 லட்சம் டன். ஏறத்தாழ ஒன்பதில் ஒரு பங்கு! நம் வயல்களில் பல எப்போதும் நீர் தேங்கி நிற்பவை அல்ல; மண்ணில் மட்கும் குறைவு.

“அவர்கள் அதை ஏற்றுக்கொண்டார்களா சார்?” என்றான் மாணவன். உலகக் காலநிலை அறிஞர் குழுவின் 1990-ஆம் ஆண்டு அறிக்கையில் உலக நெல்வயல்களின் மீத்தேன் ஆண்டுக்கு 11 கோடி டன் என்றிருந்தது. இந்தியாவிலும் சீனாவிலும் எடுத்த அளவுகள் வந்தபின், 1992-இல் அதே குழு அதை 6 கோடி டன்னாகக் குறைத்தது. பெட்டி என்ன பொருளால் ஆனது, அதை நம் கல்லூரிக்குப் பக்கத்து வயலில் வைத்துப் பார்க்க முடியுமா என்று இப்போது கேட்டுக்கொண்டிருக்கிறான்.