காணாமற்போன சிங்கமும் இரவல் தொப்பியும்

சிம்புதேவனின் ‘இரும்புக்கோட்டை முரட்டு சிங்கம்’ 2010 மே மாதம் வெளிவந்தது. முள்ளிவாய்க்கால் முடிந்து ஒரு வருடம். அந்த வருடம் குறொன்லாண்டில் ஒரு நண்பர் வீட்டில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடியிருந்து அதைப் பார்த்தோம், சிரித்தோம், சாப்பிட்டோம், கலைந்தோம். அண்மையில் அதே படத்தை மறுபடி பார்த்தபோது ஓரிடத்தில் எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. ஏன் நின்றது என்பதுதான் இக்கட்டுரை.

கதை தெரிந்ததே. ஜெய்சங்கர்புரத்தைக் காத்துநின்ற சிங்கம் என்ற கௌபோய் காணாமற்போகிறான். ஒற்றைக்கண் கிழக்குக்கட்டையின் கொடுமை தொடர்கிறது. தூக்குக் கயிற்றிலிருந்து காப்பாற்றப்பட்ட சிங்காரம், முகம் ஒத்திருக்கிறது என்பதற்காக, சிங்கமாக நடிக்க வைக்கப்படுகிறான். ஊரும் நம்புகிறது. ஊர்ப்பெயர், 1972இல் ‘கங்கா’, ‘ஜக்கம்மா’ என்று எம். கர்ணனின் இயக்கத்தில் குதிரையேறிய ஜெய்சங்கருக்கான வணக்கம். கிழக்குக்கட்டை என்பது கிளின்ற் ஈஸ்ற்வூட்டின் பெயரை அப்படியே தமிழாக்கியது. ஹொலிவூட் நாயகனின் பெயரைத் தமிழ் வில்லனுக்குச் சூட்டியதில் நல்ல குறும்பு இருக்கிறது. ஆனால் குறும்பு பெயரோடு நின்றுவிடுகிறதா என்பதே எனது கேள்வி.

மேற்கத்தைய கௌபோய் நாயகனின் இலக்கணம் எளிமையானது. அவன் வெளியிலிருந்து வருவான். ஊரால் முடியாததைத் தனியனாய்ச் செய்வான். பின்னர் போய்விடுவான். 1953இல் வந்த ‘ஷேன்’ இதன் தூய வடிவம். அதற்கு ஒரு வருடம் முந்திய ‘ஹை நூன்’ இந்த இலக்கணத்தையே சந்தேகித்தது. அங்கே ஊர் கதவைச் சாத்திக்கொள்கிறது. வென்ற நாயகன் தன் பதவிச் சின்னத்தைப் புழுதியில் எறிந்துவிட்டுப் போகிறான். நாயகனைப் பற்றிய படத்தில் கேட்கவேண்டிய கேள்வி “நாயகன் என்ன செய்தான்?” என்பதல்ல, “ஊர் என்ன செய்தது?” என்பதே என்று எனக்குக் கற்பித்தது அந்தப் படம்.

இனி நகைச்சுவைக்கு வருவோம். காப்பியத் தலைவன் தனக்கு ஒப்பில்லாதவனாய் இருக்கவேண்டும் என்று நான் ஒருகாலத்தில் தண்டியலங்காரத்தை வைத்து வகுப்பில் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஆள்மாறாட்டக் கதை செய்யும் முதற் காரியம் இந்த விதியை உடைப்பது. ஒப்பானவன் ஒருவன் தெருவில் அகப்படுகிறான். தொப்பியும் முகமும் போதுமென்றால் நாயகத்துவம் என்பது உடுப்புத்தானே? இந்த வெடிமருந்து ‘நாடோடி மன்ன’னிலும் (1958) ‘எங்க வீட்டுப் பிள்ளை’யிலும் (1965) இருந்தது. ஆனால் அங்கே ஒப்பானவனும் எம்.ஜி.ஆர்.தான். ஆகவே அது வெடிக்கவில்லை. சிம்புதேவனே இயக்கிய ‘இம்சை அரசன் 23ம் புலிகேசி’யில் (2006) கோமாளியும் வீரனும் வடிவேலுவே. அரியணையில் ஒரு கோமாளியை இருத்திக் காட்டிய துணிவுக்காக அந்தப் படத்தை நான் மதிக்கிறேன். எனினும் கோமாளியின் இடத்துக்கு வருபவன் இன்னொரு வீரன். குடிமக்கள் பழையபடி பார்வையாளர்களே.

இரண்டு மாற்று உதாரணங்கள் உள்ளன. சாப்ளினின் ‘த கிறேற் டிக்ரேற்றர்’ (1940) படத்தில் சர்வாதிகாரியின் உடுப்பில் தவறுதலாக மேடையேற்றப்படும் யூதச் சவரத் தொழிலாளி, அந்த உடுப்பின் அதிகாரத்தை ஏற்கவில்லை. கூடியிருப்போரிடம் அதிகாரம் உங்களுடையது என்று சொல்லவே அந்த மேடையைப் பயன்படுத்துகிறான்.

மற்றது 1986இல் ஜோன் லாண்டிஸ் இயக்கிய ‘த்றீ அமிகோஸ்’. வேலையிழந்த மூன்று ஊமைப்பட நடிகர்களை உண்மை வீரர்கள் என்று நம்பி ஒரு மெக்சிக்கோக் கிராமம் அழைக்கிறது. அசட்டுப் படந்தான். ஆனால் கடைசியில், உங்களால் நன்றாகச் செய்யக்கூடியது என்ன என்று ஊரவரிடம் கேட்கப்படுகிறது. தைக்கத் தெரியும் என்கிறார்கள். இரவிரவாக நாயக உடுப்பைத் தைத்து ஊரே அணிந்துகொள்கிறது. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு நாயகன் நிற்க, கொள்ளையர் கூட்டம் நிலைகுலைகிறது. உடுப்புத்தான் நாயகன் என்றால் அதை எல்லோரும் போடலாம் என்ற முடிவுவரை அந்தச் சிரிப்பு போகிறது.

சிங்காரத்தின் படம் அதுவரை போகவில்லை. இரவல் தொப்பி மெல்ல மெல்ல அவனுக்கே அளவாகிவிடுகிறது. பொய்ச்சிங்கம் மெய்ச்சிங்கமாகிக் கிழக்குக்கட்டையை வெல்கிறது. நாயகனைக் கேலிசெய்யத் தொடங்கிய படம் நாயகனைப் புதுப்பித்துக் கொடுத்துவிட்டு முடிகிறது.

“சித்தப்பா, படத்தைப் படமாப் பாருங்கோவன்” என்றான் பெறாமகன். நியாயமான எதிர்வாதம். சிரிக்க வந்த இடத்தில் அரசியல் தேடுவது எங்கள் தலைமுறையின் வருத்தம் என்று அவன் நினைக்கிறான். ஆனால் 2023 பெப்ரவரியில் தஞ்சாவூரில் பழ. நெடுமாறன், பிரபாகரன் உயிருடன் இருக்கிறார் என்று அறிவித்தார். அதே ஆண்டு நவம்பர் 27இல் துவாரகா என்று தன்னைச் சொல்லிக்கொண்ட ஒரு பெண்ணின் உரை காணொளியாக வந்தது. முகம் ஒக்கிறதா, குரல் ஒக்கிறதா என்று இங்கே படித்தவர்களே நாட்கணக்கில் விவாதித்தார்கள். ஒத்திருந்தால் நாங்கள் என்ன செய்வதாக இருந்தோம் என்று எவரும் கேட்கவில்லை. ஜெய்சங்கர்புரத்து மக்கள் சிங்காரத்தைச் சுற்றிநின்று கண்கலங்கும் இடத்தில் எனக்குச் சிரிப்பு நின்றது இதனால்தான்.

இறந்தவர்களை இழிவுபடுத்துவதல்ல என் நோக்கம். இறந்தவரை இறந்தவராக மதித்து அழக்கூட விடாமல், அவர் தொப்பியை வேறு தலைகளில் வைத்துப் பார்ப்பதுதான் இழிவு. எங்களில் எத்தனையோ பேருக்குத் தைக்கத் தெரியும், எழுதத் தெரியும், கணக்குப் பார்க்கத் தெரியும், சங்கம் கட்டத் தெரியும். அதை எங்களிடம் கேட்கும் நகைச்சுவைப் படம் ஒன்று தமிழில் வருமானால், அன்று வாய்விட்டுச் சிரிக்க நான் தயார்.