மூத்தோர்க்குரிய ஒழுக்கம் யாது?

மூத்தோர் இவ்வாறு ஒழுகவேண்டும் என உலகோர் வகுத்துவைத்த விதிகள் பல. இளையோரைப் பணிதல் ஆகாது. புதிதாக ஒன்றைக் கற்கப் புகுதல் நகைப்புக்கிடம். கையால் ஒரு பணி செய்தல் பெற்ற மக்களுக்கு இழுக்கு. திண்ணையில் அமர்ந்து, கேட்டபொழுது மட்டும் வாய் திறத்தலே மூப்புக்கு அழகு என்பர். இக்கொள்கை முதியோரைப் போற்றுவதுபோலத் தோன்றினும், உண்மையில் அவரை ஒதுக்கிவைப்பதேயாம். நம் சைவ மரபுக்கும் இஃது ஒவ்வாது என்பதை ஈண்டு ஆராய்வாம்.

இதற்குச் சான்றாக எங்கள் உத்திரமேரூர்க் கல்வெட்டைக் காட்டுவாரும் உளர். இவ்வூர் வைகுந்தப்பெருமாள் கோயிற் சுவரில் முதற் பராந்தக சோழன் காலத்துக் குடவோலைச் சாசனங்கள் இரண்டு உள. வாரியஞ் செய்வார்க்கு அகவை 30-க்கு மேல் 60-க்குள் என 919-ஆம் ஆண்டுச் சாசனம் விதித்தது. 921-ஆம் ஆண்டுச் சாசனம் அதனை 35-க்கு மேல் 70-க்குள் எனத் திருத்திற்று. ‘முதியோரை நம் முன்னோரே விலக்கினர்’ என்பது அன்னார் வாதம். இரண்டே ஆண்டில் மேல்வரம்பு பத்தாண்டு உயர்ந்தமையை அவர் நோக்கிற்றிலர். ஆண்டு வாரியத்திற்குக் கல்வியாலும் வயதாலும் முதிர்ந்தோரையே தெரிந்தெடுத்தனர் என்பதையும் மறந்தனர். வரம்பு கட்டியது ஏரியும் தோட்டமும் பொன்னும் ஆளும் பதவிக்கு. கற்றற்கும் தொண்டு செய்தற்கும் அன்று.

இனி, நம் ஆசாரியர் வாழ்ந்து காட்டிய நெறியை நோக்குக. திருநாவுக்கரசு நாயனார் 81 ஆண்டு வாழ்ந்தார் என்பது மரபு. ஆளுடைய பிள்ளையாரோ இளங்குழவியிலேயே ஞானப்பால் உண்டவர். திருப்பூந்துருத்தியில் அப்பிள்ளையார் எழுந்தருளிய சிவிகையைக் கூட்டத்தினுள் மறைந்துநின்று தாங்கியவர் அம்முதியவரே. தம்மை ‘அப்பர்’ என்றழைத்த சிறுவரைத் தாம் சுமத்தல் தகுமோ என அவர் எண்ணினாரல்லர். திருப்புகலூரில் இறுதி நாள்களிலும் உழவாரம் அவர் திருக்கையை விட்டு நீங்கிற்றில்லை.

அருணந்தி சிவாசாரியார் வரலாறு இதனினும் கூர்மையுடையது. அவர் சகலாகம பண்டிதர். மெய்கண்டார் குடும்பத்திற்குக் குலகுரு. தம் மாணாக்கர் ஒரு சிறுவர்பாற் செல்வதறிந்து வெகுண்டு திருவெண்ணெய்நல்லூர் சென்று, ஆணவமலத்தின் இயல்பு யாது என வினவினார். அப்பிள்ளையார் விடையாக அவரையே நோக்கினார். அந்நோக்கின் பொருளுணர்ந்த பெரியவர், அடிவீழ்ந்து மாணாக்கரானார். அன்று அவர் தம் வயதையும் குருப்பட்டத்தையும் பற்றி நின்றிருப்பின், சிவஞான சித்தியார் நமக்குக் கிடைத்திராது.

ஆகவே, ‘மூத்தேன்; என் சொல்லே நிற்கவேண்டும்’ என்னும் முதியவரும், ‘மூத்தீர்; இனி உமக்கேன் இவை?’ என்னும் இளையவரும் ஒரு பிழையையே செய்கின்றனர். இருவரும் உடம்பின் ஆண்டை எண்ணுகின்றனர். உயிரின் பரிபாகத்தை எண்ணுகின்றிலர். மலபரிபாகம் நரையைப் பார்த்து வருவதன்று.

‘அவர் அருளாளர், தளர்ந்த யாக்கையுடைய நம்மனோர்க்கு அஃது இயலுமோ?’ எனின், இயலும். சரியையுள் பூத்தொடுத்தலும் உண்டு, விளக்கிடுதலும் உண்டு. அவையும் இயலாதார்க்குக் கேட்டலும் சிந்தித்தலும் உள. 2007-ஆம் ஆண்டு இந்திய அரசு இயற்றிய சட்டம், 60 ஆண்டு நிறைந்தோரை மூத்த குடிமக்கள் என வரையறுத்து, தம்மைத் தாமே பேண இயலாப் பெற்றோரைப் பேணுதலை மக்கள்மேற் கடமையாக்கிற்று. நன்று, சோறும் உறைவிடமும் சட்டத்தால் வரும். கற்கும் உரிமையையும் தொண்டு செய்யும் உரிமையையும் வீட்டாரும் ஊராருமே தருதல் வேண்டும்.

சித்தாந்த வகுப்புக்கு எழுபது வயதினர் ஒருவர் ஏடும் கையுமாக வருவாராயின், நகையாது இடம் விடுக. ஆசிரியர் தம் பேரன் வயதினராயினும், அம்முதியவர் நாணாது வினவுக. இதுவே மூத்தோர்க்கும் இளையோர்க்கும் ஒருங்கே உரிய ஒழுக்கமாம்.

திருச்சிற்றம்பலம்.