வள்ளியம்மாளின் பேரனும் ஒரு பாட்டின் கணக்கும்

சினிமாவின் துணையின்றி 2021 மார்ச்சில் யூரியூபில் வெளிவந்த ‘என்ஜாய் எஞ்சாமி’, தமிழ்ச் சுயாதீன இசையின் வெற்றியாகவே பேசப்படுகிறது. அவ்வெற்றி யாருடையது என்பது ஆராயத்தக்கது.

தீயுடன் இணைந்து அதனைப் பாடிய அறிவு, தம் பாட்டி வள்ளியம்மாளையே பாடலின் ஊற்றாகக் குறிப்பிடுகிறார். இலங்கைத் தேயிலைத் தோட்ட வாழ்வை விட்டுத் தமிழகம் சென்று, அங்கும் நிலமற்றிருந்தவர் அவர். 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தைப் பரீட்சை வினாவாக மட்டுமே அறிந்த மாணவர்க்கு இப்பாடல் அவசியமானது. எனினும், அதன் ஒப்பாரி இழை துள்ளல் தாளத்துள் அமிழ்ந்துவிடுகிறது. கலியாண வீடுகளில் அது ஆட்டப் பாட்டாகிவிட்டதில் வியப்பில்லை.

2022 ஜூலை 28இல் சென்னைச் சதுரங்க ஒலிம்பியாட் தொடக்கவிழாவில் தீயும் கிடாக்குழி மாரியம்மாளும் இதனைப் பாடினர். அறிவு அங்கில்லை. அவர் அமெரிக்காவில் இருந்தமையே காரணம் என இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் விளக்கினார். அறிவோ தம் உழைப்பு மறைக்கப்படுவதாக முறையிட்டார். தொலைக்காட்சியில் விழாவை மட்டும் கண்டோர்க்கு இவ்வழக்கே தெரிந்திராது.

பாடலால் தம் மூவருக்கும் வருமானம் எதுவும் கிட்டவில்லை என 2024இல் சந்தோஷ் நாராயணனே வெளிப்படையாகக் கூறினார். வீட்டிலிருந்து இணையத்தில் மிளகாய்த்தூள் விற்கும் பெண்கூடத் தன் வரவுசெலவைத் தானே எழுதிவைக்கிறாள். பல கோடி முறை கேட்கப்பட்ட பாடலின் ‘சுயாதீன’க் கலைஞர்க்கு அவ்வளவேனும் வாய்க்கவில்லை.