ஆட்டப் பெயர்களும் பட்டாதாரர்களும்

ஓட்டப்பிடாரம் வட்டாரத்துப் பள்ளி ஒன்றில் ஆண்டு விழா. எந்தப் பள்ளி என்பது முக்கியமில்லை. ஒலிபெருக்கியில் 'அடுத்து தேவராட்டம்' என்று அறிவித்ததும் மைதானத்தின் ஒரு பக்கம் விசில் பறந்தது. மறுபக்கம் சட்டென்று அடங்கிப்போனது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் என் காதுக்குள் கேட்டான்: 'ஏல, இது அவுக ஆட்டமால?' மேடையேறிய பையன்களோ ராஜகம்பளத்து நாயக்கமார் வீட்டுப் பிள்ளைகள், வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். விசிலடித்தவர்களுக்கும் அவர்களுக்கும் சம்பந்தமில்லை, அடங்கிப்போனவர்களுக்கும் இல்லை. கையில் துணியும் காலில் சலங்கையுமாக அவர்கள் பாட்டுக்கு ஆடிவிட்டு இறங்கினார்கள்.

1995 ஆகஸ்ட் 31 அன்று போலீஸ் புகுந்து சூறையாடிய கொடியன்குளம் இந்தத் தாலுகாவில்தான் இருக்கிறது. அந்த ரணம் ஆறாத ஊர்களில் 'தேவர்' என்ற மூன்றெழுத்து யார் காதில் எப்படி விழும் என்பதை அறிவித்த ஆசிரியர் யோசிக்கவில்லை. யோசித்ததும் சமாளித்தார்: 'இது வானுலகத் தேவர்கள் ஆடுன ஆட்டம்.'

அந்த வாக்கியத்தைப் பிற்பாடு நானும் எம்.ஏ. தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலும் இதே பொருளைத்தான் தருகிறது. தேவர்கள் ஆடியதால் தேவராட்டம், அதற்கு அடிக்கிற உறுமி தேவதுந்துபி. கட்டபொம்மன் அரண்மனையில் ஆடினார்கள், போரில் வென்று வந்த வீரர்கள் ஆடினார்கள் என்று இன்னொரு கதையும் எங்கள் பக்கம் உண்டு. 2019இல் 'தேவராட்டம்' என்றொரு சினிமா வந்தபோது பெயரைச் சாதிப் பெயராகவே எல்லோரும் வாசித்தார்கள். நாயக்கமார் ஆட்டம் ஒன்று அந்தப் பெயரில் இருப்பது பலருக்கு அப்போதுதான் தெரிந்தது. ஆக ஒரே பெயருக்கு வானுலகம், அரண்மனை, சாதி என்று மூன்று பட்டாதாரர்கள். ஆடுகிறவன் பெயர் எந்தப் பட்டாவிலும் இல்லை. ஓர் ஆட்டத்தின் பெயர்க் கதையை ஆட்டத்தின் வரலாறாக வாசிப்பது நம் நாட்டார் வழக்காற்றியலின் பழக்கம். அதை உரிமைப் பத்திரமாக வாசித்தால் என்ன என்பதே என் கேள்வி.

1801இல் பாஞ்சாலங்குறிச்சியை முற்றுகையிட்ட படையில் இருந்த காலின் மெக்காலே ஸ்காட்லாந்துக்காரர். அந்தப் போரைப் பற்றி நினைவுக் குறிப்பு எழுதிய ஜேம்ஸ் வெல்ஷும் ஸ்காட்லாந்துக்காரர்தான். இவர்கள் ஊரில் ஆட்டங்களுக்குப் பெயர் எப்படி வந்தது என்று நான் தேடிப் போனதில், ஒளிக்காமல் சொல்வதென்றால், கொஞ்சம் பழிவாங்கும் ஆசையும் இருந்தது. அங்கே பாதிப் பெயர்கள் பிரபுக்களுடையவை அல்லது அவர்கள் மாளிகைகளுடையவை: பெர்த் கோமகன், ஹாமில்டன் மாளிகை, மோனிமஸ்க். பண்ணையார் வீட்டுத் தரையில் ஆடியதற்குக் கட்டிய வாடகை மாதிரி இருக்கின்றன இப்பெயர்கள்.

ஒரு பெயர் மட்டும் என்னை நிறுத்தியது. 1940 ஜூனில் பிரான்ஸின் சான் வலேரி கடற்கரையில் ஸ்காட்லாந்தின் 51ஆம் மலைநாட்டு டிவிஷன் ஜெர்மானியரிடம் சரணடைந்தது. பிடிபட்ட அதிகாரிகள் சிலர் பவேரியாவின் லாவுஃபன் முகாமில் அடைபட்டுக் கிடந்தபோது ஓர் ஆட்டம் கட்டினார்கள். ஆடுகிறவர்கள் ஒரு கட்டத்தில் கைகோத்து நிற்கும்போது அது தங்கள் நாட்டுக் கொடியின் குறுக்குச் சிலுவையாக விரிகிறது. சான் வலேரியின் பெயரை முதலில் வைத்து, பிறகு டிவிஷனின் பெயருக்கு மாற்றினார்கள். இந்தப் பெயருக்குத் தேதி உண்டு, இடம் உண்டு, கட்டியவர்கள் உண்டு. முக்கியமாக, அது ஒரு தோல்வியின் பெயர். நாம் ஏதாவது ஓர் ஆட்டத்துக்குத் தோல்வியின் பெயரை வைத்திருக்கிறோமா? அதே நேரத்தில் ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆட்டம் கட்ட அவகாசம் கிடைத்தது அதிகாரிகளுக்கு. அதே டிவிஷனின் சாதாரணச் சிப்பாய்கள் வேலை முகாம்களில் உடலுழைப்பில் இருந்தார்கள்.

எல்லாப் பெயர்க் கதையும் அங்கே இவ்வளவு நேர்மையானதில்லை. 'பழைய கால்சட்டை' என்று பொருள்படும் ஒரு மலைநாட்டு நடனம் இருக்கிறது. 1746க்குப் பிறகு மலைநாட்டு உடைக்குத் தடை வந்ததாம், 1782இல் தடை நீங்கியதும் திணிக்கப்பட்ட கால்சட்டையை உதறுவதுபோலக் காலை உதறி ஆடினார்களாம். தடை நிஜம், ஆண்டுகளும் நிஜம். உதறல் கதையை நடன வரலாற்றாளர்கள் அப்படியே ஏற்பதில்லை. காலசைவுக்குப் பின்னால் ஓடிவந்து ஒட்டிக்கொண்ட கதை அது. இருந்தாலும் அந்தக் கதை கேட்கிறவனை வானத்துக்கு ஏற்றவில்லை, ஒரு சட்டத்தின் முன்னால் கொண்டுபோய் நிறுத்துகிறது.

நம்மிடம் வானத்துக்கு ஏற்றுகிற வேலை புதிதல்ல. சிலப்பதிகாரத்துக் கடலாடு காதையில் மாதவி ஆடும் பதினோராடலை எடுத்துக்கொள்ளுங்கள். துடியும் குடையும் முருகனுக்கு, குடம் மாயவனுக்கு, பேடி காமனுக்கு, மரக்கால் மாயவளுக்கு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு தெய்வம், ஒரு கதை. கடைசியில் வருவது கடையம். வாணாசுரன் நகரத்தின் வடக்கு வாயிலில், வயலில் நின்று இந்திரன் மனைவி அயிராணி உழத்தி வேடத்தில் ஆடினாளாம். கடைசியர் என்றால் வயலில் வேலை செய்கிற பெண்கள். அயிராணிக்குச் சேற்றில் என்ன வேலை? வயலில் பெண்கள் ஆடிக்கொண்டிருந்த ஒன்று அரங்குக்கு ஏறியிருக்கிறது, ஏறுவதற்கு ஒரு தேவியின் சிபாரிசு தேவைப்பட்டிருக்கிறது என்றே நான் வாசிக்கிறேன். பெயர் கடைசியை விடவில்லை, கதை அவளை வேடமாக்கிவிட்டது. 'அயிராணி' என்று மாற்றிப் பெயரிட்டிருந்தால் நமக்கு இந்தத் தடயமும் மிஞ்சியிருக்காது. வகுப்பில் எங்களுக்கு இதைப் 'பதினொன்றின் பட்டியல்' என்று மனப்பாடம் செய்யவைத்தார்கள். பட்டியலுக்குள் ஒரு கூலிக்காரி நிற்கிறாள் என்று யாரும் சொல்லவில்லை.

கடையத்தை மனதில் வைத்துக்கொண்டு சமீபத்திய விஷயத்துக்கு வருகிறேன். 2023இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளையில் நடந்த வழக்கைத் தொடர்ந்து குறவன் குறத்தி ஆட்டத்தைத் தமிழக அரசு நாட்டுப்புறக் கலைகளின் பட்டியலிலிருந்து நீக்கியது. கரகாட்டத்தோடு சேர்த்து ஆடப்பட்டது அது. ஆடியவர்கள் பெரும்பாலும் குறவர்கள் இல்லை. ஆனால் ஆபாசம் என்ற வசவு மட்டும் குறவர் பெயரில் போய்ச் சேர்ந்தது. 'எங்க பொம்பளைகளக் கேவலமா ஆடிக் காட்டுறதுக்கு எங்க பேரு எதுக்கு?' என்ற கேள்விக்குக் கலையின் பெயரால் பதில் சொல்ல முடியாது. பெயரை நீக்கினால் வரலாறு போய்விடும் என்று வாதாடிய நண்பர்களில் நானும் ஒருவனாக இருந்தேன். இப்போது அப்படிச் சொல்லமாட்டேன். யாருடைய பெயரோ அவர்கள் சொல்லட்டும். அந்த ஆட்டத்தை நம்பிப் பிழைத்த கலைஞர்களுக்கு என்ன வழி என்பது தனிக் கேள்வி, அதை அரசாங்கத்திடம்தான் கேட்க வேண்டும்.

எனக்கு உறுத்துவது வேறொன்று. வள்ளி யார்? நம்பிராசன் வளர்த்த குறத்தி. தினைப்புனத்தில் எவனோ ஒரு கிழவனாக வந்தவனைக் காதலித்து, வீட்டுக்குத் தெரியாமல் உடன்போனவள். கொங்குப் பகுதியின் வள்ளி ஒயில் கும்மி அவள் பெயரில் இருக்கிறது. பெண்களுக்கும் அதைப் பயிற்றுவித்த பத்திரப்பனுக்கு 2024இல் பத்மஸ்ரீ கிடைத்தது, அதில் சந்தோஷம்தான். ஆனால் சில ஆண்டுகளுக்கு முன் கொங்குப் பகுதிக் கும்மி நிகழ்ச்சி ஒன்றின் காணொளி பரவியதே, நினைவிருக்கிறதா? ஆடிய பெண்களைச் சொந்தச் சாதிக்குள்தான் கல்யாணம் செய்துகொள்வோம் என்று உறுதிமொழி சொல்லவைத்தார்கள். உடன்போனவளின் பெயரில் ஆடிவிட்டு, உடன்போகமாட்டோம் என்று சத்தியம்! குறத்தி என்ற சொல் பட்டியலிலிருந்து வெளியேற, குறத்தி மகள் தெய்வயானையின் சக்களத்தியாகவும் ஊர்க் கட்டுப்பாட்டுக்குச் சாட்சியாகவும் உள்ளே உட்கார்ந்திருக்கிறாள். இதை முரண் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள முடியாது. பெயரைக் கைப்பற்றுவது இப்படித்தான் நடக்கிறது. பெயரை மாற்றவே வேண்டாம், கதையை நிறுத்திவிட்டால் போதும்.

எதிர்த்திசையில் நடந்ததும் உண்டு. தப்பு என்று அழைத்த ஆட்டத்தைத் தலித் இயக்கங்கள் தொண்ணூறுகளில் பறையாட்டம் என்று உரக்கச் சொல்லின. தொல்காப்பியத்தின் கருப்பொருள் வரிசையில் இருக்கும் சொல், வசவாக்கப்பட்டு, திரும்பவும் மேடையேறியது. 2025இல் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். இந்தப் பெயர் மீட்பை நான் ஏற்கிறேன். ஆனால் 'இனி சாவுக்கு அடிக்கமாட்டோம்' என்று பறையையே கீழே வைத்தவர்கள் இருக்கிறார்கள். விருது மேடையின் வெளிச்சத்தில் அவர்களின் மறுப்பு மங்கிவிடக் கூடாது. அவர்களுக்குப் பெயரல்ல பிரச்சினை, வேலை.

பாஞ்சாலங்குறிச்சி விழுந்தபின் கோட்டையை இடித்து, உழுது, ஆமணக்கு விதைத்தார்கள், ஊர்ப் பெயரையே பதிவேட்டிலிருந்து எடுத்துவிட்டார்கள் என்று எங்கள் பக்கம் இன்றும் சொல்வார்கள். இப்போது அங்கே இருப்பது 1974இல் அரசு கட்டிய நினைவுக் கோட்டை. பக்கத்தில் வீரசக்கதேவி கோயில். ஒரு விழாவின்போது தேவராட்டம் ஆடி முடித்து வேர்வை துடைத்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம், ஐயா, இந்தப் பேரு எப்படி வந்ததுன்னு உங்க வீட்டுல சொல்லுவாங்களா என்று கேட்டேன். சிரித்தார். 'அது ஊர்ல சொல்றது தம்பி. நாங்க ஆட்டம்னுதான் சொல்லுவோம். உறுமி அடிச்சா காலு நிக்காது, அவ்வளவுதான். நீங்க ஆடுறவனையே கேக்கீக. அடிக்கிறவருகிட்டக் கேட்டீகளா?'

கேட்டதில்லை. எம்.ஏ.யில் எழுதிய விடையிலும் அவர் இல்லை, தேவதுந்துபி மட்டும்தான் இருந்தது. கொட்டகை ஓரமாக உறுமிக்காரர் பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார். போய் அதே கேள்வியைக் கேட்டேன்.

'கதை கெடக்கட்டும் சார்' என்றார். 'தோலு மாத்தணும். கமிட்டில ஒரு வார்த்த சொல்லிவிடுங்க.'