இல்லாத தங்கை

இரட்டைப் பிறவிகளைக் கொண்டு தமிழ்த் திரை பல கதைகள் சொல்லியிருக்கிறது. ‘உத்தம புத்திரன்’ (1940, 1958), ‘எங்க வீட்டுப் பிள்ளை’ (1965) எனத் தொடரும் அவ்வரிசையில் கதையின் அச்சு ஒன்றே: ஒருவரின் இடத்தில் மற்றவர். ஊர் ஏமாறும், நாம் மகிழ்வோம். ஒரே முகத்தோடு பிறந்த பிள்ளை, ‘நான் யார்?’ எனத் தன்னையே வினவும் பொழுது மட்டும் வருவதில்லை.

சங்கர் இயக்கிய ‘ஜீன்ஸ்’ (1998) அவ்வினாவின் வாசல்வரை சென்ற படம். மனைவியரின் பூசலால் தம் இரட்டைச் சகோதரரைப் பிரிந்த தந்தை, தம் இரட்டைப் புதல்வர்கள் இரட்டைச் சகோதரியரையே மணக்கவேண்டும் என விதிக்கிறார். மகன் விரும்பும் மதுமிதாவோ தனிப்பிறவி. எனவே வைஷ்ணவி என்றொரு தங்கை கற்பிக்கப்படுகிறாள். இருவரை ஒருவராகவே எண்ணும் தந்தைக்காக ஒருத்தி இருவராகிறாள்! எத்துணைக் கூரிய கற்பனை! படமோ அதை வேடிக்கைக்கே செலவிட்டுவிட்டது. உலக அதிசயங்கள் ஏழையும் சுற்றிவரக் காமிராவுக்குப் பொழுதுண்டு. இல்லாத பெண்ணுக்கு மணமகனாகவிருந்த இராமமூர்த்தியின் மனத்துள் நுழையப் பொழுதில்லை. இறுதி முடிச்சும் ஆள்மாறாட்டத்தாலேயே அவிழ்கிறது.

வாழ்க்கை இதைவிட நல்ல கதாசிரியர். 1887-இல் பிறந்த ஆற்காடு இரட்டையர்க்கு நம் வழக்கப்படியே இராமசாமி, இலட்சுமணசாமி எனப் பெயரிட்டனர். ஒருவர் சட்டமும் அரசியலும் பயின்று, 1946-இல் ஐ.நா. பொருளாதார சமூக மன்றத்தின் முதல் தலைவரானார். மற்றவர் மருத்துவராகிச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக 27 ஆண்டுகள் விளங்கினார். இரட்டையராய்ப் பிறந்த அவரே மகப்பேறு மருத்துவத்துக்குப் பாடநூலும் எழுதினார். இலக்குவன் பெயர் கொண்டவர் இராமன் பின்னே நடக்கவில்லை.

நாமோ பண்டிகை வந்தால் கடலூர்த் துணிக்கடையில் ஒரே துணியில் இரண்டு சட்டை கேட்கிறோம். அழகுதான். பத்து வயதில் ஒரு பிள்ளை வேறு நிறம் வேண்டுமென்றால் அதைப் பிடிவாதம் என்கிறோம்; மதிப்பெண் அட்டைகளை அருகருகே வைத்து ஒருவனை மற்றவனுக்கு அளவுகோலாக்குகிறோம். திரை கேட்கத் தவறியதை நாமும் கேட்பதில்லை.

நற்செய்தியிலும் ஓர் இரட்டையர் உண்டு. ‘தோமா’ என்னும் அரமேயச் சொல்லுக்கும், ‘திதிம்’ என்னும் கிரேக்கச் சொல்லுக்கும் பொருள் அதுவே. பிறந்த விதமே பெயராகிப் போனவர்! உடன்பிறந்தவர் யாரென யோவான் கூறவில்லை. அவர் காட்டுவது, பிற சீடர் கண்டதாகச் சொன்னது போதாதென்று தாமே தொட்டறிய விழைந்த தனிமனிதரை. எட்டு நாள்களுக்குப்பின், பூட்டிய அறையில், ஆண்டவர் அவரிடமே தம் கைகளை நீட்டிப் பேசுகிறார்.